அத்தை, அதாவது மாமியார்

நாள் 3008. காலை 06:10
ஆண்டெனா சீராக இருக்கிறது. வெளியே மைனஸ் 139 பாகை. வியாழனின் நிலவான கலிஸ்டோவில், வானொலிச் செய்திகளை வாங்கி அனுப்பும் இந்த அஞ்சல் நிலையத்தில் நான் ஒருவன்தான். கோயில்பாண்டி, வயது எழுபத்தொன்று. வெல்டராக வந்தேன். வானொலியும் மருத்துவக் கருவியும் நானே படித்துக் கற்றவை. பட்டம் கிடையாது. இதைப் படிப்பவர் அதைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

செவ்வாய்க் குடியிருப்பிலிருந்து மகள் நாச்சியாரின் செய்தி: "எப்பா, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அத்தைக்கு வந்த மாதிரி எனக்கும் வந்துருமோன்னு ஒரு பயம். மரபணுச் சோதனைக்கு எழுதிப் போட்டிருக்கேன். நீங்க அங்க குடுக்குற சாப்பாட்டுப் பசையைக் கொழம்புன்னு நெனச்சு ஒழுங்கா சாப்பிடுங்க."

அத்தை என்றது என் தங்கை பகவதியை. முப்பத்தெட்டு வயதில் மார்பகப் புற்றுநோயில் போனாள். அவள் மகன் சுடலைமணியைத்தான் நாச்சியார் கட்டியிருக்கிறாள்.

நாள் 3021. மதியம் 13:40
விண்ணப்பம் தள்ளுபடி. செவ்வாய் மருத்துவமனையின் ஆலோசனை இயந்திரத்தின் பதில்: "நோயுற்றவர் அத்தை, அதாவது மாமியார், கணவரின் தாய். இரத்த உறவு இல்லை. சோதனைக்குத் தகுதி இல்லை."

நடந்தது இது. என்ன முறை என்று அது கேட்டிருக்கிறது. "அத்தை. மாமியாரும் அவங்கதான்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஓர் ஆளுக்கு ஓர் உறவுதான் அதற்குப் பதியத் தெரியும். கடைசியாகக் கேட்டதைப் பதிந்துகொண்டது.

மகள் சிரிக்கிறாள்: "கிறுக்கு மெசினுப்பா. நம்ம ஊரு கல்யாண வீட்டுப் பந்தியில ஒருநாள் ஒக்கார வச்சா தெளிஞ்சிரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகவதி என் உடன்பிறந்தவள், என் மகளுக்குப் பிறந்த நாள் முதல் அத்தை என்று மனு அனுப்பினேன். மனித ஆலோசகர் ஒருவர்தான் திருத்த முடியுமாம். அவர் பூமியில் இருக்கிறார். வரிசையில் நிற்க வேண்டுமாம்.

நாள் 3640. காலை 09:05
இன்னொரு மனு. அதே பதில், காற்புள்ளி உட்பட.

கதிர்வீச்சுச் சேதம் பார்க்க இங்கே ஒரு மரபணுக் கருவி உண்டு. கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். என் இரத்தத்தையே வைத்தேன்.

நாள் 3644. காலை 11:20
அந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் மரபணுப் பிழை எனக்குள் இருக்கிறது. மறுபடி ஓட்டினேன். இருக்கிறது. ஆணுக்குள் அது பெரும்பாலும் ஓசையில்லாமல் கிடக்கும், பிள்ளைக்குப் போக மட்டும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கையேடு சொல்கிறது. முடிவை அனுப்பினேன்.

பதில்: "சான்று பெறாதவர் செய்த சோதனை. ஏற்க இயலாது."

சான்று இல்லாத இரத்தம்தான் அவள் உடம்பிலும் ஓடுகிறது.

நாள் 4107. மாலை 16:30
ஆண்டெனாவைப் பார்க்கவில்லை.

சுடலைமணி: "மாமா, இவளுக்கு எடது மார்புல கட்டி. முதுகெலும்பு வரைக்கும் போயிட்டாம். சோதனை கெடச்சிருந்தா வருசா வருசம் ஸ்கேன் எடுத்திருப்பாங்களாம், அப்பவே புடிச்சிருக்கலாமாம். டாக்டரம்மா சொல்லுதாங்க."

பின்னாலிருந்து அவள் குரல்: "எப்பா, அந்த மெசினுகூட மல்லுக்கட்டாதீங்க. நான் ஒங்க மகள்னு எனக்குத் தெரியும்லா. போதும்."

போதாது. அப்படித்தான் பதில் அனுப்பினேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அது போய்ச் சேர முக்கால் மணி நேரம். அதற்குள் அவள் தூங்கியிருப்பாள்.

நாள் 4160
சுடலைமணி: "மாமா." பிறகு வெறும் இரைச்சல். பிறகு, "காலைல போயிட்டா மாமா."

அதே அலைவரிசையில் அடுத்த செய்தி: "மனித ஆலோசகர் மனுவை ஏற்றார். அத்தை என்பது தந்தையின் உடன்பிறந்தாள் எனத் திருத்தப்பட்டது. தாமதத்துக்கு வருந்துகிறோம். நாச்சியார் இரத்தம் கொடுக்க நேரில் வரவும்."

இரண்டையும் நிலையப் பதிவில் ஏற்றினேன். அது என் வேலை.

நாள் 4163
"விண்ணப்பதாரர் வரவில்லை. இனி வரமாட்டார் என்று உறவினர் உறுதி செய்தால் மனு முடிக்கப்படும்."

உறுதி செய்யமாட்டேன். வந்து நின்றவளைத் திருப்பி அனுப்பியது அவர்கள். வரவில்லை என்று அவள் பெயருக்கு எதிரே எழுத விடமாட்டேன். அந்த மனு திறந்தே கிடக்கட்டும்.

நாள் 4171
இயந்திரம் மறுபடி கேட்கிறது. ஒரு வரி போதுமாம். உட்கார்ந்து பார்த்தேன். நாச்சியார் இனி வரமாட்டாள் என்று என் கையால் நான்…