பின்னோக்கி ஓடும் படம்

4 மார்ச்

அன்புள்ள அண்ணா,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது என்று நீதானே சொன்னாய்? அதனால் மெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

கண்காட்சி திறந்தாயிற்று. உன் ஆய்வகத்திலிருந்து நீ அனுப்பிய விழித்திரை செல்களின் படம் இப்போது மூன்று சுவர்களில் ஓடுகிறது. முதலில் ஒரே இருட்டு. பிறகு மூலையில் ஒரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் சுவர் முழுக்கப் பச்சை. ஆட்கள் தரையில் உட்கார்ந்து பேச்சு மூச்சில்லாமல் பார்க்கிறார்கள். நேற்று ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். விமர்சனம் எழுத வந்தவராம்.

உன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன். பெரிதாகப் போட்டால் முறைப்பாய், போடாமல் விட்டால் இன்னும் அதிகமாக முறைப்பாய்.

அப்பா மூன்று தடவை வந்துவிட்டார். என் வீட்டு மாடியிலேயே இருந்துகொண்டு, என் வேலை எதையும் இதுவரை முழுசாக உட்கார்ந்து பார்க்காத மனிதர்! "இது அண்ணன் ஆபீஸ்ல எடுத்ததா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் வாலு

26 மார்ச்

அன்பு வாலுவுக்கு,

நீ அனுப்பிய கண்காட்சி வீடியோவை இன்றுதான் பார்த்தேன். அழகாக இருக்கிறது. என் புகார் வேறு.

நாங்கள் செய்த சோதனை இதுதான். உயிருள்ள செல் பச்சையாக ஒளிரும்படி சாயம் ஏற்றினோம். அதன்மேல் கடும் வெளிச்சத்தைப் பாய்ச்சி, எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்த்தோம். பச்சை ஒவ்வொன்றாக அணைந்தது. நீ அதைக் கடைசியிலிருந்து ஓட்டியிருக்கிறாய். போதாததற்கு, நாங்கள் விட்டு விட்டு எடுத்த படங்களுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று உன் மென்பொருள் தானாகவே வரைந்து நிரப்பியிருக்கிறது. யாரும் பார்க்காததையும் நடக்கவே நடக்காததையும் சேர்த்துக் காட்டி, கீழே என் பெயர்.

இதைக்கூட மென்று விழுங்கியிருப்பேன். ஆனால் இன்று கண் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா இந்த மாத ஊசிக்குப் போகவில்லை. இனி வரவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாராம். அவருக்கு நடுப் பார்வை தேய்ந்துகொண்டே போகிறது. அதை மெதுவாக்குவது அந்த ஊசி ஒன்றுதான். அவரையே கேட்டேன்.

"எதுக்குடா சும்மா கண்ணுல குத்திக்கணும்? செத்த செல்லெல்லாம் திரும்ப வர்றதைத்தான் நானே பார்த்துட்டேனே. உங்க ஆபீஸ் மருந்து வெளிய வரட்டும், காத்திருக்கேன்" என்றார்.

எங்களிடம் அப்படி ஒரு மருந்து இல்லை. 'இந்தப் படம் பின்னோக்கி ஓடுகிறது' என்று வாசலில் ஒரு வரி எழுதி வை. அப்பாவிடமும் சொல்லிவிடு.

அண்ணன்

27 மார்ச்

அண்ணா,

இது எனக்குத் தெரியவே தெரியாது. ஊசி போடும் நாளன்று அப்பா, "ஊசி போட்டுட்டு நேரா இங்கதாம்மா வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் நம்பினேன்.

வானத்தைச் சிவப்பாகத் தீட்டுகிறவர் கீழே விளக்கம் எழுதுகிறாரா? நேரத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் என் வேலை. அந்த வரியை எழுதினால் யார் உள்ளே வந்து உட்காருவார்கள்? சரி, அது என் கவலை, கிடக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வருடம் பரிசோதனை முடிவு வந்த அன்று, "போன பார்வை திரும்புமாடா?" என்று அப்பா உன்னைக் கேட்டார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நீ "பாத்துக்கலாம்ப்பா" என்றாய். நான் காட்டியது பொய் என்றால், அதற்கு என்ன பெயர்? அப்பா நம்பியது என் படத்தை இல்லை, உன்னை. நீயே வந்து சொல்லு.

வாலு

28 மார்ச்

வாலு,

மூன்று பதில் எழுதி அழித்துவிட்டேன். நீ சொல்வது சரிதான்.

கூட்டம் நிறைந்த அரங்கில் நின்று, செத்த செல் செத்ததுதான் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டபோது வாய் வரவில்லை. இப்போதும் வராது என்று பயமாக இருக்கிறது. இங்கே ஒரு சோதனை நடந்துகொண்டிருப்பதால் வர முடியாது என்று எழுதலாம். அது பாதிதான் உண்மை.

நாள் கடத்த முடியாது. எனக்காக நீ சொல்வாயா? அசல் படத்தைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். நாங்கள் எடுத்தவை மட்டும், எடுத்த வரிசையில்.

அண்ணன்

2 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

இன்று காலை அரங்கம் திறப்பதற்கு முன்னால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "நிஜமா நடந்தது இதுதாம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீ அனுப்பியதை அப்படியே ஓட்டினேன். அதற்குமேல் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

முதலில் மூன்று சுவரும் பச்சை. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தது. நடுவில் நிரப்பியவை இல்லாததால் படம் வெட்டி வெட்டி ஓடியது. என் வேலையைவிட இது பார்க்கச் சுமார்தான். ஆனாலும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசிப் புள்ளியும் போனபின் விளக்கைப் போட எழுந்தேன். "இருக்கட்டும்மா" என்றார்.

இருட்டில் உட்கார்ந்தபடியே, "அண்ணனுக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியும்ப்பா. அன்னைக்கே தெரியும்."

உனக்குச் சரியான திட்டு கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"ஒரு வருஷமா இதைத் தனியா மனசுல வச்சுக்கிட்டா இருந்தான்? எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் தூக்கியிருப்பேனே" என்றார். அப்புறம் அழுதார். நானும் அழுதேன்.

அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டாயிற்று. தவறவிட்டதில் இன்னும் கொஞ்சம் பார்வை போய்விட்டதாம். "அது இனி வராதுதானே, டாக்டர்?" என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

வாசலில் அந்த வரியையும் எழுதி வைத்துவிட்டேன். நின்று படித்துவிட்டு, உள்ளே வந்து உட்காரத்தான் செய்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அப்பா உன்னைப் பார்க்கக் கிளம்புகிறார். நான் ரயில் ஏற்றிவிடுவேன். தனியாக வர வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்? நீ எதையும் விளக்க வேண்டாம். ஸ்டேஷனில் அவருக்கு நேர் எதிரே மட்டும் போய் நிற்காதே. நடுவில் இருக்கிற ஆளை அவரால் பார்க்க முடிவதில்லை, யாரோ என்று தாண்டிப் போய்விடுவார். கொஞ்சம் பக்கவாட்டில் நில். அங்கே நின்றால் உன் முகம் அவருக்கு இன்னும் தெரியும்.

உன் வாலு