பிரேக்கில் புகுந்த காற்று

கண்ணு, நாங்கள் இருவரும் உயிரோடும் சண்டையோடும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. போனில் பேசாமல் அம்மா ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய், காரணம் கடைசியில் இருக்கிறது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன டிராக்டரால் வந்த வினை. போன வாரம் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் கொட்டகைச் சுவரில் போய் முட்டியது, நல்லவேளை சுவரோடு போயிற்று. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க பெரியவரே என்றான். அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம், அவனை விரட்டிவிட்டுத் தானே சக்கரத்தைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தார். ஆயில் ஒழுகிய ரப்பரையெல்லாம் ஒழுங்காகத்தான் மாற்றினார், குறை சொல்ல முடியாது. ஆனால் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, மேலே ஓர் ஆள் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டுமே, நீ இருந்தவரை அது உன் வேலை. இப்போது என்னை ஏற்றி உட்கார வைத்தார். நான் மிதித்துக்கொண்டிருக்க, அவர் கீழே படுத்து, காற்றை வெளியே விடுகிற நிப்பிள் திருகைத் திறப்பார், நுரையும் ஆயிலுமாக வரும், அதை மூடி முடிக்கும்வரை நான் காலை எடுக்கக்கூடாது. என் முழங்கால் லட்சணம் உனக்குத் தெரியாதா. கால் நடுங்குது, சீக்கிரம் மூடுங்க என்று கத்துகிறேன், அவருக்கோ காது சுத்தமாகக் கேட்பதில்லை. கால் நழுவியதும் காற்று மறுபடி உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேர்வை என்றார்.

இப்போது காற்று போகாத பிரேக்கோடு இப்படியே சுமை ஏற்றிக்கொண்டு இறங்குவாராம், கியரிலேயே நிறுத்திக்கொள்வாராம். கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற பாதை. கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். உறைக்குள் டிராக்டர் சாவி இருக்கிறது, பத்திரம். உனக்குப் பொய் சொல்ல வராது, அதனால்தான் சாவியையே அனுப்புகிறேன். அவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடுகிறார், நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன். சாவி இல்லாமலே ஒயரை முறுக்கி ஓட்டத் தெரிந்த மனுஷர், அது ஞாபகம் வருவதற்குள் போன் போட்டு, சாவி என்கிட்ட இருக்கு, நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்கப்பா என்று சொல்லிவிடு. நீ சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும்.

உன் அம்மா