போஸ்டருக்கு ஒரு கண்

ஊத்தங்கரை
9.12.2019

அன்புள்ள ராஜிக்கு,

இங்கு அனைவரும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். சிரிக்காதே. கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுத்து அலைந்தது போதும், இனி நானே கையெழுத்துப் போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

போஸ்டருக்குப் படம் எடுத்தபோது என் செயற்கைக் கண் உள்ளே போய்ச் சின்னதாகத் தெரிந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் பெரிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். படம் ஜோராக வந்தது. ஆனால் அன்றிலிருந்து சீழும் ரத்தமுமாக வருகிறது. கண்ணைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிகிறது. சின்ன வயதில் ஒரே ஆஸ்பத்திரி வார்டில் ஆளுக்கொரு கண்ணைப் பறிகொடுத்தவர்கள் நாம். உனக்கு இப்படி வந்ததுண்டா?

உன்
காவேரி

ஓசூர்
12.12.2019

அடி காவேரி,

வெள்ளையாகத் தெரிவது, கண்ணை எடுத்த பிறகு குழிக்குள் வைத்துத் தைத்த உருண்டை. பெரிய கண் உரசி உரசி அதை மூடியிருந்த தோல் கிழிந்துவிட்டது. எனக்கும் மூன்று வருஷம் முன்னால் வந்தது. கம்பெனியில் டெங்கு என்று சொல்லி லீவு போட்டுக்கொண்டு போனேன். உதட்டின் உள்பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். கிருமி ஏறிவிட்டால் உருண்டையையே எடுக்க வேண்டிவரும், அப்புறம் எந்தக் கண்ணும் சரியாக நிற்காது.

அந்தக் கடைக் கண்ணை இன்றே கழற்றி வை. நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் ஊற்றாதே. உடனே ஆபரேஷன் செய்துகொண்டு கட்டோடு போய் ஓட்டுக் கேள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

அன்புடன்
ராஜலட்சுமி

ஊத்தங்கரை
15.12.2019

ராஜி,

நினைக்க மாட்டார்களா? நான் எதிரே வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். டெங்கு என்று பொய் சொன்னவள் நீ. கம்பெனியில் உன் லைனில் வேலை செய்கிற ஒருத்திக்கும் உன் கண்ணைப் பற்றித் தெரியாது. எனக்கு மட்டும் புத்தி சொல்ல வந்துவிட்டாய். ஓட்டு எண்ணும் வரை இந்தக் கண்ணோடுதான் இருப்பேன். பதில் எழுதாதே.

காவேரி

ஓசூர்
17.12.2019

காவேரி,

எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ சொன்னது சுருக்கென்று தைத்தது. சனிக்கிழமைக்கு என் டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கிவிட்டேன். லீவுக்கு இந்த முறை, என் கண்ணைப் பற்றியும் சேர்த்து, உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் இரண்டு தரம் படித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். உதட்டில் தையல் போட்டால் சில நாள் உன்னால் பேச முடியாது. உனக்காக நான் பேசுகிறேன்.

ராஜி

ஊத்தங்கரை
5.1.2020

அன்புள்ள ராஜிக்கு,

ஒட்டிய தோல் பிடித்துவிட்டது, உருண்டைக்கு இனி ஆபத்தில்லை என்றார் டாக்டர். எனக்கென்றே அளவெடுத்துப் புதுக் கண் செய்யப் போகிறார்கள்.

தேர்தலில் தோற்றுவிட்டேன். நீ சொன்னது தப்பு, ராஜி. நினைத்தார்கள். மேட்டுத் தெருவில் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். அந்தத் தெருவிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, உன் கண்ணைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மைக்கில் பேசினாயே: "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கண்ணு இருக்குது. கால்வா தூந்து கெடக்கறதப் பாக்க அது போதுங்க." கண்ணில் கட்டும் தையல் போட்ட வாயுமாக நான் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

நீ அதைச் செய்யாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உன்மேல் கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. அதுவரை எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை.

நீ பேசியதை யாரோ படம் பிடித்து அனுப்பி, அது ஓசூர் வரை போயிருக்கிறதாம். கம்பெனியில் யாராவது ஏதாவது சொன்னால் உடனே எழுது. நான் வந்து பேசுகிறேன்.

உன்
காவேரி