பிரதீபாவின் பதினோரு நாள் வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா?

போன வாரம் இங்கே புனே ஆபீசில் எங்கள் எல்லோருடைய புரோகிராமும் ஓடும் சர்வரின் மெமரி தீர்ந்துபோனது. அப்படி ஆனால், மெஷின் முழுதும் படுத்துவிடாமல் இருக்க, அதிக இடம் பிடித்திருக்கும் புரோகிராமைச் சிஸ்டமே கொன்றுவிடும். என்னுடையதுதான் பெரியது. ஆனால் அதைத் தொடக்கூடாதென்று யாரிடமும் சொல்லாமல் முன்பே செட் செய்திருந்தேன். அதனால் அடுத்த பெரியதான, என்னோடு வேலை பார்த்த பட்டுக்கோட்டைப் பெண் பிரதீபாவின் புரோகிராமைக் கொன்றது; அவளுடைய பதினோரு நாள் வேலை அழிந்தது. தப்பு அவளுடையதுதான் என்று மேனேஜர் அவளை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார்.

"நான் என்ன தப்பு பண்ணேண்ணே?" என்று கேட்டாள்.

"உன் புரோகிராம்தாம்மா எடத்த அடைச்சிக்கிச்சு" என்றேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

இட்லிப்பொடி ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். சேர்ந்து சாப்பிட இங்கே அவள் ஒருத்திதான் இருந்தாள். மேனேஜர் கூப்பிடுகிறார்; அவளுடைய வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மகன்,
தமிழரசன்