பாதிக் கேடயம்

பாளையங்கோட்டை
12.8.2024

சுகிர்தாவுக்கு,

இங்கு நலம். அங்கும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான்கு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

கிருபாபுரம் பள்ளியில் என்னோடு கணக்கு எடுத்த பெர்சிஸ் டீச்சர் உனக்கு நினைவிருக்கும். இப்போது அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபைக் கமிட்டியில் இருக்கிறார். கோயிலுக்குள் கிரானைட் போடப்போகிறார்கள். பீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு பழைய கல்லறைக் கல் கிடக்கிறது. பெயரெல்லாம் கால் பட்டுத் தேய்ந்துபோயிற்று. மேல்பாதி பெஞ்சுக்கு அடியில் இருந்ததால் அதிலுள்ள கேடயம் மட்டும் நேற்றுச் செதுக்கியது போல இருக்கிறது. "யாருன்னே தெரியாத கல்லு என்னத்துக்கு? மேல கிரானைட்டைப் போட்டு மூடுங்க" என்கிறார் செயலர். நவம்பரில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்குள் வேலை முடிய வேண்டுமாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் ஏதோ கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவன் என்பதால்!

கேடயம் என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கொற்கைப் பக்கம் மீன் பொறித்த காசு கிடைத்தால், எழுத்தே இல்லாவிட்டாலும் பாண்டியன் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதுபோல அவர்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு படம். கல்யாணம் ஆனால் ஒரே கேடயத்தை நடுவில் பிரித்து, நாம் பார்க்கும்போது இடப்பக்கம் கணவன் வீட்டுப் படம், வலப்பக்கம் மனைவியின் அப்பா வீட்டுப் படம்.

இந்தக் கல்லில் இடப்பாதியில் மூன்று பறவைகள். ஒன்றுக்கும் கால் இல்லை. கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னலிலும் அதே பறவைகள் இருக்கின்றன. அதில் மறுபாதி புயலில் உடைந்து, வெறும் பச்சைக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கல்லின் வலப்பாதியில் இருப்பது என்ன என்றுதான் தெரியவில்லை. "துரை விளக்குமாறையா செதுக்கி வச்சிருப்பாரு?" என்று செயலர் சிரிக்கிறார். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

டீச்சரின் தம்பி மகள் படத்தை இணையத்தில் போட்டதில், பறவைகள் எல்டர்கோம்ப் என்ற கிராமத்துக் குடும்பத்தினுடையவை என்று ஒருவர் எழுதினார். உன் பிரிஸ்டலிலிருந்து முப்பது மைலாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்தியாவுக்கு வந்திருக்கிறார்கள். வலப்பாதி தெரிந்தால்தான் ஆள் தெரியும். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிந்தால் போய்ப் பார்.

இப்படிக்கு,
குற்றாலலிங்கம்

பிரிஸ்டல்
1.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, நின்ற இடத்திலேயே பிரித்தேன். உள்ளே விளக்குமாறு!

சனிக்கிழமையே நானும் அவரும் போய்விட்டோம். அப்பா, பறவைகள் கிடைத்துவிட்டன! கோயில் ஜன்னலில், சிவப்புக் கண்ணாடியில், மூன்று. வெயில் பட்டதும் தரையெல்லாம் பறவை. கால் இல்லாததால் அவை இறங்கவே முடியாதாம். நிலம் கிடைக்காத இளைய பிள்ளைகளுக்கு அந்த அடையாளத்தைக் கொடுப்பதும் உண்டு என்று, எங்களுக்குக் கதவு திறந்துவிட்ட அம்மாள் சொன்னார்.

எதிரே வேறொரு பெரிய குடும்பத்துக் கல்லறை. பக்கவாட்டில் நான்கு கேடயங்கள், நான்கு மகள்களுக்கு. முதல் மூன்றிலும் இரண்டு பாதியும் நிறைந்திருக்கின்றன. நான்காவதில் அப்பா வீட்டுப் பாதி மட்டும்தான். மருமகன் பாதியைச் செதுக்கவே இல்லை. கீழே பெயர் ஹானா. பறவை வீட்டு நான்காவது பையனை, அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டாளாம். அந்த வெற்றுக் கல்லில் கை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அந்த அப்பா வீட்டுப் படம் கோதுமைக் கதிர்க்கட்டு. விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது. உங்கள் காகிதத்தில் இருப்பதோ தலை தொங்கிக் கிடக்கிறது. இரண்டும் ஒன்றில்லை என்று சோர்ந்துபோய்க் காரில் ஏறினேன். சுடலைராஜ் காகிதத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், மறுபடி நேராகப் பார்த்தார், சிரித்தார்.

"ஏளா, இது விளக்குமாறும் இல்ல, கோதுமையும் இல்ல. நெல்லு! கதிரு முத்துனா இப்படித்தான் தலையைத் தொங்கப் போடும். இந்தா பாரு, நடுவுல வைக்கோல் பிரியை முறுக்கிச் சொருவியிருக்கான். எங்கப்பா கட்டுத மாதிரியே இருக்கு. கல்லு கொத்துனவன் நம்ம ஊருக்காரன். அவன் கோதுமையை எங்க கண்டான்? கதிர்க்கட்டுன்னு சொல்லியிருப்பாவ, தெரிஞ்சதைக் கொத்திட்டான்."

அப்பா, அது ஹானாவின் கல்! அவள் அப்பா விட்ட பாதியை அவள் கணவன் கிருபாபுரத்தில் நிரப்பி வைத்திருக்கிறான். படங்கள் இத்துடன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
சுகிர்தா

பாளையங்கோட்டை
20.9.2024

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காபி ஆறிப்போனது. உடனே பஸ் ஏறிக் கிருபாபுரம் போய்விட்டேன். பெர்சிஸ் டீச்சர் பெஞ்சு மேல் ஏறி நின்று கமிட்டிக்கே வாசித்துக் காட்டினார். நெல் என்ற இடம் வந்ததும் செயலர் தரையில் குனிந்து, டார்ச் அடித்து, "ஆமாய்யா, பிரி! நல்லா முறுக்கியிருக்கான் வே!" என்று கத்தினார். விளக்குமாறு என்று சொன்ன அதே வாய்!

கல்லை மூடப்போவதில்லை. சுற்றிலும் கிரானைட் போட்டு, அதை அப்படியே விட்டு, பக்கத்தில் ஹானா என்று பெயர் வெட்டுவார்கள். எனக்குச் சின்னப் பிள்ளை போலச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த நெல் யோசனை மிக நல்ல யோசனை.

அன்புடன்,
குற்றாலலிங்கம்

பிரிஸ்டல்
6.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கல் பிழைத்ததில் எங்களுக்கும் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோசனை தானாக வராது, அப்பா. அதைச் சொன்னவருக்குப் பெயர் இருக்கிறது.

தம்பி சங்கர் தன் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பியபோது, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பெரிதாக்கிப் பார்த்தோம். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே சித்தப்பா, அத்தை, மும்பை மாமா வரைக்கும் எல்லாரும் இருந்தார்கள். மகள், மருமகன் என்ற வரியே இல்லை. அவர் போனை என்னிடம் தந்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் எழுதுவதை நிறுத்தினேன்.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். கல்லைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும்.

சுகிர்தா

பாளையங்கோட்டை
10.11.2024

அன்புள்ள மருமகன் சுடலைராஜுக்கும் மகள் சுகிர்தாவுக்கும்,

பதில் எழுத வேண்டாம் என்றாய். மூன்று வாரம் எழுதவில்லை. உன் கடிதத்தை உன் அம்மா படித்துவிட்டு, "செத்துப்போன வெள்ளைக்காரிக்கு அப்பன் யாருன்னு ஊர் ஊரா தேடுதீங்க. உசுரோட இருக்கிறவளுக்கு அப்பன் எங்கன்னு யாரும் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள். நாற்பது வருடம் வகுப்பில் கேள்வி கேட்டவன் நான். இந்த ஒரு கேள்விக்காகத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் கல்லைப் பற்றி. நேற்று அசனம். கிரானைட்டுக்கு நடுவில் அந்தப் பழைய கல் சும்மா ஜம்மென்று இருக்கிறது. சாப்பிட வந்தவர்களை எல்லாம் செயலர் உள்ளே கூட்டிப் போய், "மருமவப்பிள்ளை லண்டன்ல இருந்து கண்டுபிடிச்சாரு" என்று காட்டுகிறார். யாருடைய மருமகன் என்று ஒருவர் கேட்டார். என்னுடைய மருமகன், பெயர் சுடலைராஜ், என்று நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அடுத்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தில் பழம் வெற்றிலையோடு நானும் உன் அம்மாவும் ஸ்ரீவைகுண்டத்தில் மருமகன் வீட்டுக்குப் போனோம். சுடலையாண்டி வயலில் இருந்து வந்தார். தேய்த்தெடுத்த படத்தைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொத்துனவன் அறுப்புக்குப் போனவன்தான், சார்" என்றார். சார் வேண்டாம், சம்பந்தி என்று கூப்பிடுங்கள் என்றேன். செல்லக்கிளி அம்மாள் கதவோரம் நின்றபடி, "இங்கன இருந்து பாளையங்கோட்டை ஒரு மணி நேரம். இத்தனை வருசமா வழி தெரியலையாக்கும்?" என்றார்கள். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கியும் குடித்தேன்.

தை மாதம் எனக்கு எழுபது நிறைகிறது. பீமரத சாந்தி செய்ய வேண்டும் என்று உன் அம்மா ஆசைப்படுகிறாள். பத்திரிகையின் மாதிரித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நல்வரவை விரும்புவோரில் முதல் வரி: மகள் சுகிர்தா – மருமகன் சுடலைராஜ். அடுத்து சங்கரும் அவன் மனைவியும். அதற்கு அடுத்து: சம்பந்தி சுடலையாண்டி – செல்லக்கிளி, ஸ்ரீவைகுண்டம். அச்சகத்துக்காரர், "அண்ணாச்சி, இந்த வரியெல்லாம் போன தடவை இல்லையே?" என்றார். போன தடவை பிழை, திருத்திக்கொள்ளுங்கள் என்றேன்.

இதில் எழுத்தோ வரிசையோ ஏதாவது பிழையிருந்தால் மருமகனே போன் செய்து சொல்லட்டும். சொன்ன பிறகுதான் அச்சடிப்பேன். நம்பர் மாறவில்லை.

அன்புடன்,
அப்பா