காரில் ஒட்டிய சேறு

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே நான் சுகம், அப்பா சுகம், அவருடைய பழைய கார் எங்கள் இருவரையும்விடச் சுகம் என்றுதான் போன வாரம்வரை எழுதியிருப்பேன். இப்போது அதன்மேல் கண்ணாடிவரைக்கும் சேறு! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நீங்கள் ஊருக்கு வரும்போது விமான நிலையத்துக்கு அப்பா அந்தக் காரில்தான் வர வேண்டும் என்று நீ கேட்டாய், டாக்ஸிக்குச் சொல்லியாச்சு என்றார் அப்பா, பட்டென்று போனை வைத்தாய். மூன்று வாரமாக அப்பாவும் மகளும் பேச்சில்லை, நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான். அவரைப் பற்றித்தான் தெரியுமே. போன தடவை நீ வந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டுக் காருக்குள் எட்டிப் பார் என்று சொன்ன மனுஷன். பல் டாக்டர் புத்தி எங்கே போகும்? வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் காருக்கு அடியில் விட்டுப் பார்க்கிறார், பிரஷ்ஷால் நட்டு நட்டாகத் தேய்க்கிறார். அதைப் புதுசாக்கி ஆறு வருஷமாயிற்று, ஒரு நாளாவது நான் அதில் உட்கார்ந்திருப்பேனா?

ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கண்காட்சி. வழக்கம்போல லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நம்முடைய காரைச் சுற்றி எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள். பக்கத்தில் அதே மாடல் கார் ஒன்று, ஒரு பேக்கரிக்காரருடையது. கதவெல்லாம் நெளிசல், பின் சீட்டில் மாவு மூட்டை. தினமும் ரொட்டி ஏற்றிப் போகிற வண்டியாம். குழந்தைகள் அதற்குள் ஏறி ஹாரன் அடித்துக் கூத்தடித்தார்கள். அப்பா உதட்டைப் பிதுக்கினார். நடுவர் வந்தார், அசந்து போனார், எங்கே ஸ்டார்ட் பண்ணுங்க டாக்டர் என்றார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! சீட்டில் வாடை ஏறிவிடும் என்று டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் வைக்கவில்லையாம், பேட்டரியை மட்டும் வேளாவேளைக்குச் சார்ஜ் பண்ணியிருக்கிறார்! நடுவர் பேப்பரில் ஏதோ கிறுக்கிவிட்டு நகர்ந்தார், பரிசும் கையைவிட்டுப் போயிற்று. எனக்கே பாவமாகிவிட்டது. பேக்கரிக்காரர்தான் தன் கேனிலிருந்து ஊற்றினார். நாலு தடவை இருமிவிட்டு என்ஜின் உறுமியது பார், அப்பா சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். கடைசியா எப்போ ஓட்டினீங்க என்று பேக்கரிக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. லாரிக்காரரைத் திருப்பி அனுப்பினார், ஏறு என்றார்.

பாதி வழியில் மழை கொட்டியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஒரு பெரிய பள்ளத்தில் தடாலென்று இறங்கிச் சேறு கண்ணாடிவரை அடித்தது, நான் செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்! வேண்டுமென்றே அடுத்த பள்ளத்திலும் விட்டார், கண்ணு. இன்னும் கழுவவில்லை.

அங்கே குளிர்காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். விமானம் இறங்கும் நேரத்தை மறக்காமல் அப்பாவுக்கே போன் போட்டுச் சொல், எனக்கு இல்லை. தபால் பெட்டி தெருமுனையில்தான், இருந்தாலும் இந்தக் கடிதத்தைக் காரில் போய்த்தான் போடுவாராம், வாசலில் ஹாரன் அடித்து உயிரை வாங்குகிறார்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா

பி.கு: டாக்ஸியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீ செருப்பைக் கழற்ற வேண்டாமாம், அதை மட்டும் கட்டாயம் எழுதச் சொன்னார்.