பாசி மூடிய இடம்

அன்புள்ள ஔரிமாஸுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நாயும் சௌக்கியம், அதன் காதுப் புண் ஆறிவிட்டது. பெர்கனின் ஓயாத மழைக்கு நடுவில் நீயும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். போனில் கூப்பிட்டால் "வேலை இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வரவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதி, காய்ந்த காளான் பொட்டலத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது பார். கம்பளிக் காலுறையும் வைத்திருக்கிறேன், சாம்பல் நிறத்தது காட்டுக்கு, நீலம் ஆபீசுக்கு, இரண்டையும் காட்டுக்கே போட்டுக் கிழிக்காதே.

நீ அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கணினியில் செய்துகொண்டிருந்த விளையாட்டை நிறுத்திவிட்டேன், வெளியே கொடுத்ததையெல்லாம் திரும்ப எடுத்துவிட்டேன், காட்டுக்கும் போவதில்லை, இந்த அக்டோபரில் ஊருக்கு வரவில்லை, அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எழுதியிருந்தாய். பகலெல்லாம் கப்பல் கம்பெனிக்காகக் கணினி முன்னால் உட்கார்ந்து, சாயங்காலம் வந்து சொந்த விளையாட்டுக்காக மறுபடியும் அதே கணினி முன்னால் உட்கார்ந்து, சனி ஞாயிறு வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த ஊர் மலைக்காட்டுக்கு ஓடுகிற பிள்ளை நீ. கண் கெடும், முதுகு வளையும், எவளும் உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டாள் என்று நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். "காட்டுக்குப் போனாத்தாம்மா விளையாட்டு வருது, விளையாட்டு பண்ணினாத்தான் காடு மனசுல நிக்குது" என்பாய். ஏதோ சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இப்போது இரண்டையும் விட்டுவிட்டு நீ வெறும் ஆபீஸ் வேலையோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அந்தத் திட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நடந்தது என்ன என்று அப்பா போனில் சொன்ன ஒற்றை வரிதான் உனக்குத் தெரியும். முழுக்க நான் சொல்கிறேன். காளான் பொறுக்கும் விளையாட்டுக்கு ஒரு காடு வேண்டுமென்று நீ நம் காட்டையே எடுத்துக்கொண்டாய். மணல் பாதை பிரியும் இடம், இடி விழுந்து பிளந்த பைன் மரம், பழைய எல்லைக்கல், அதற்குப் பின்னால் அப்பாவின் இடம், எல்லாம் இருந்தபடியே. பார்த்துச் சொல்லுங்கள் என்று தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாய். பக்கத்து வீட்டு ஜெனோவைதேயின் மகள் இந்த்ரே வில்னியஸில் அதை விளையாடியிருக்கிறாள். பிளந்த மரத்தைப் பார்த்ததும் "அம்மா, இது நம்ம ஊர்க் காடு!" என்று போனில் கத்தியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவள் ஊருக்கு வந்து, தாயும் மகளும் விளையாட்டைப் படமெடுத்த போனைக் கையில் பிடித்துக்கொண்டே நேராகப் போய், கூடை நிறைய, மடி நிறைய பரவீகாஸ் காளானாகக் கொண்டுவந்தார்கள். ஜெனோவைதேக்குத்தான் வாய் நிற்காதே, கடையில் நின்று "ஸிக்மாஸோட பையன் தாராள மனசுக்காரன், அப்பன் இடத்தையே ஊருக்குத் தானம் பண்ணிட்டான்" என்றாள். அதற்கடுத்த ஞாயிறு மணல் பாதையில் கார் நிறுத்த இடமில்லை.

நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியும். உப்பு கேட்டால் கொடுப்போம், காரைக் கேட்டால் சாவியைக் கொடுப்போம், காளான் இடத்தை மட்டும் கூடப் பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டோம். அலித்தூஸ் ஊரிலிருக்கும் சித்தப்பா பின்னாலேயே வருகிறார் என்று தெரிந்து அப்பா அவரைச் சதுப்பைச் சுற்றி நடக்கவிட்டு, வெறுங்கூடையோடு வீட்டுக்குக் கூட்டி வந்த கதையைச் சொல்லிச் சொல்லி நீயே சிரிப்பாய். அப்படிப்பட்ட மனிதர் உன்னை ஒருவனைத்தான் அங்கே கூட்டிப் போனார். திங்கட்கிழமை வெறுங்கூடையோடு திரும்பி வந்தவர் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சீவாதவர். அதற்குப் பிறகு காட்டுப் பக்கமே போகவில்லை. செப்டம்பரில் ஒரு மனிதன் வீட்டிலேயே இருந்தால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? தபால்காரி என்னிடம் ரகசியமாக, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். ஜெனோவைதேக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும், ஊறுகாய் போட்ட காளான் ஒரு ஜாடி கொண்டுவந்து வைத்தாள். அப்பா அதை ஜன்னலில் வைத்துவிட்டு "நம்ம பிள்ளைங்க ஊறுகாயாத் திரும்பி வந்திருக்கு" என்றார். திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது, உனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது என்றே இத்தனை காலம் இருந்தேன். நான் கூடையோடு வந்தால் "எங்க கிடைச்சுது?" என்பார், "காட்டுல" என்பேன். எல்லா வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில்தானே. போன வியாழக்கிழமை மழை விட்டதும் கிளம்புங்கள் என்றேன். எங்கே என்றார், காட்டுக்கு என்றேன். எந்தப் பக்கம் என்றதற்கு என் பின்னால் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உங்கள் இடம் போனால் என்ன, என் இடத்தில் பாதி உங்களுக்கு என்று அந்த மனிதருக்குச் சொல்லப் போகிறேன் என்ற சந்தோஷம் எனக்கு. அவர் வாயைப் பிளப்பதைப் பார்க்கும் ஆசையும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

சதுப்பைத் தாண்டி ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் பாசி மூடிய ஒரு பள்ளம், பார்த்தால் தரை மாதிரியே இருக்கும், நானே அதில் விழுந்து எழுந்திருக்கிறேன். பள்ளம் இருக்கிறது என்று சொல்லத் திரும்பினால், அவர் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்துவிட்டார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். மரத்தை அண்ணாந்து பார்த்தார், மூக்கைச் சிந்தினார், பிறகுதான் சொன்னார். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் நம் பழைய நாய் ஓடிப்போனதே, அதைத் தேடி வந்தவர் இங்கே வந்து நின்றிருக்கிறார். சுற்றிலும் பரவீகாஸ், காலை வைக்க இடமில்லை. கத்தியை எடுத்தாராம். அப்போது அங்கங்கே பாசி பெயர்த்து வைத்தது மாதிரி இருக்கிறதே என்று ஒன்றைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அடியில் வெட்டிய தண்டு, வெட்டு இடது கைப் பக்கம் சாய்ந்திருந்தது. "நீ இடது கையால வெட்டற ரொட்டியும் அந்தப் பக்கம்தானே சாஞ்சு நிக்கும், எனக்குத் தெரியாதா?" என்றார். பாசியை வைத்த இடத்திலேயே வைத்து, கத்தியை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம். ஒன்றுகூடவா எடுக்கவில்லை என்று கேட்டேன். "அது உன்னோடது" என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீ வேற இடம் தேடிப் போயிருப்ப" என்றார்.

நான் அந்த விழுந்த மரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடமும் அங்கிருந்து கொண்டுவந்து, வெங்காயமும் புளிப்புப் பாலேடும் போட்டு வதக்கி, பெரிய கெட்டிக்காரி மாதிரி அவர் தட்டில் வைத்திருக்கிறேன். அவரும் தெரிந்துகொண்டே எங்கே கிடைத்தது என்று கேட்டுச் சாப்பிட்டிருக்கிறார். மனிதரை என்ன செய்வது, சொல்.

திரும்பி வரும்போதுதான் உன் பேச்சை எடுத்தார். இத்தனை நாளில் முதல் தடவை. "பையன் தப்பு ஒண்ணும் பண்ணல. மரத்தை வரைஞ்சான், கல்லை வரைஞ்சான், பாதையை வரைஞ்சான். பாசியை மட்டும் மறந்துட்டான்" என்றார். உன் விளையாட்டில் காளானை வெட்டினால் அது அப்படியே மறைந்துபோகிறதாமே, அடியில் ஒன்றும் மிஞ்சுவதில்லையாமே. அப்படியென்றால் அங்கே யாரோ முன்னால் வந்திருக்கிறார்கள் என்று அடுத்தவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். தண்டு இருக்கட்டும், வெட்டியவன் அதைப் பாசியால் மூடட்டும், அடுத்து வருகிறவன் மூடியிருப்பதைப் பார்க்கட்டும், பார்த்த பிறகு எடுப்பதும் திரும்பிப் போவதும் அவன் பாடு. இதை உனக்கு எழுதச் சொன்னார். எனக்கும் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் அல்லவா, நீ காட்டியிருக்கிறாயே, அதனால் திரும்பிப் போகிறவனுக்கு என்ன கொடுப்பது, புள்ளியா, புதுக் கத்தியா என்று கேட்டேன். "ஒண்ணும் குடுக்கக் கூடாது. குடுத்தா அதுக்காகவே எல்லாரும் திரும்புவானுங்க" என்றார். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீ படித்தவன், செய்ய முடியுமா என்று பார். ஆனால் விளையாட்டை விடாதே.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் இருந்த ஜாடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு "உப்பு ஜாஸ்தி" என்றார், பிறகு பாதி ஜாடியைக் காலி செய்தார். நேற்று உன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. மழை இன்னும் இருக்கிறது, குளிர் இறுகவில்லை, அக்டோபர் நடுவரைக்கும் தாராளமாகக் கிடைக்கும். வில்னியஸிலிருந்து ரயில் ஏறினால் வரேனாவில் அப்பா காரோடு நிற்பார். என் இடத்துக்கு உன்னையும் கூட்டிப் போகிறேன், அன்றைக்கு மட்டும் உன் போன் என் சமையலறை மேஜை மேலேயே இருக்கட்டும்.

கண்ணைப் பார்த்துக்கொள், ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய், சாப்பாட்டுக்குப் பதிலாகக் காபி குடிக்காதே. கடவுள் உன் கண்ணுக்கும் காலுக்கும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், நல்லபடியாக வந்து சேர். பொட்டலத்தில் இருப்பதைச் சமைக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க மறக்காதே.

உன் அம்மா,
நியொலே

பி.கு. கடிதத்தை ஒட்டப் போகும்போது அப்பா வந்து இன்னொன்று எழுதச் சொன்னார். விளையாட்டில் அந்தப் பிளந்த பைன் மரத்தை மாற்ற வேண்டாமாம், சாயங்கால வெயில் அதில் விழுவது அச்சு அசலாக வந்திருக்கிறதாம். இந்த்ரே மன்னிப்புக் கேட்க வந்தபோது, விளையாட்டு இன்னும் மிச்சமிருந்த தன் கணினியையும் கொண்டுவந்திருந்தாள் போலிருக்கிறது. நான் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தேன். அப்பா உன் விளையாட்டுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கிறார்.